மின்வண்டிக்கு ஒன்றரை லட்சம் வரிச்சலுகை: உண்மையில் கையில் எவ்வளவு நிற்கும்?

போன வருடம் ஜூலையில் எதிர்வீட்டுத் தம்பி ஒரு கொட்டேஷன் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். முந்தைய தீபாவளிக்கு அவன் வாங்கிய மின் ஸ்கூட்டருக்கான தாள். பின்பக்கத்தில் ஷோரூம்காரர் நீலப் பேனாவால் "80இஇபி, 1.5 லட்சம் டாக்ஸ் பெனிஃபிட்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார். 80இஇபி என்பது மின்வண்டிக் கடன் வட்டிக்கான ஒரு வருமான வரிப் பிரிவு.

"அண்ணே, ரிட்டர்ன் போடும்போது இதையும் சேர்த்துடுங்க. ஒன்றரை லட்சம் திரும்ப வந்தா வண்டிக் கடனை ஒரேயடியா அடைச்சிடலாம்" என்றான். வண்டியின் விலையே ஒன்றேகால் லட்சம்தான். வண்டி விலையை விட அதிகமாக அரசாங்கம் எப்படித் திருப்பித் தரும் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்காதது அவன் தப்பு இல்லை. ஷோரூமில், வாட்ஸாப்பில், யூடியூபில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கழிவு, தள்ளுபடி, மானியம், வரி விலக்கு எல்லாவற்றையும் "வரிச்சலுகை" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மின்கட்டணத்திலிருந்து தொடங்கலாம்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். குறைவாக ஓட்டுகிற வீட்டுக்கு யூனிட் விலை குறைவு, ஏசி ஓடுகிற வீட்டில் கடைசி யூனிட்டுகளின் விலை அதிகம்.

இப்போது மின்வாரியம் இரண்டு விதமாக உதவி செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, "உங்கள் ரீடிங்கில் 50 யூனிட்டைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுகிறோம்" என்பது. இன்னொன்று, "கணக்கெல்லாம் வழக்கம்போலப் போட்டு, கடைசியில் வருகிற தொகையில் 300 ரூபாயைக் கழித்துக்கொள்கிறோம்" என்பது.

முதல் வகையில் எல்லாருக்கும் 50 யூனிட்தான் கழிகிறது. ஆனால் மிச்சமாகும் ரூபாய் வீட்டுக்கு வீடு வேறு. ஏசி வீட்டுக்கு அந்த 50 யூனிட்டும் விலை கூடின மேல்படியிலிருந்து கழியும், நிறைய மிச்சம். நடுத்தர வீட்டுக்குக் கொஞ்சம் மிச்சம். 90 யூனிட் மட்டும் ஓட்டுகிற பாட்டி வீட்டுக்கோ ஒரு பைசாகூட மிச்சம் இல்லை, ஏனென்றால் பாட்டி ஏற்கெனவே எதுவும் கட்டவில்லை.

இரண்டாவது வகையில், 300 ரூபாய்க்கு மேல் கட்டணம் வருகிற எல்லா வீட்டுக்கும் சரியாக 300 ரூபாய் மிச்சம்.

வருமான வரியிலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. வருமானத்திலிருந்து கழிப்பதற்குப் பெயர் கழிவு; அலுவலகத்தில் 'டிடக்‌ஷன்' என்பார்கள். போட்டு முடித்த வரியிலிருந்து நேராகக் கழிப்பதற்குப் பெயர் வரி வரவு. இதைத்தான் ஆங்கிலச் செய்திகளில் 'டாக்ஸ் கிரெடிட்' என்கிறார்கள். சிலர் இதை "வரிக்கடன்" என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தவறான வழி காட்டும், இதில் யாரும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. கணக்குப் புத்தகத்தில் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் இருக்குமே, அதில் வரவுப் பக்கம் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இதுவரை பார்த்தது: கழிவு யூனிட்டைக் குறைப்பது போல, வரவு ரூபாயைக் குறைப்பது போல. கழிவால் எவ்வளவு மிச்சம் என்பது நீங்கள் எந்த ஸ்லாபில், அதாவது எந்த வரிப்படியில், இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரியே இல்லாதவருக்குக் கழிவால் பயன் இல்லை.

"அமெரிக்காவில் தருகிறார்களே?"

தந்தார்கள். குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்த வீடியோக்களால் வந்தது. அமெரிக்காவில் மின்காருக்குக் கிடைத்தது உண்மையான வரி வரவு. 2008-ல் வந்த சட்டத்தில் தொடங்கி, 2022-ல் திருத்தி எழுதப்பட்டு, தகுதியுள்ள புதுக் காருக்கு அதிகபட்சம் 7,500 டாலர் வரை போட்டு முடித்த வரியிலிருந்தே கழிந்தது.

அதிலும் ஒரு வரம்பு இருந்தது. ஒருவருக்கு அந்த வருடம் வரி 4,000 டாலர்தான் என்றால் 4,000 தான் கழியும், மீதி 3,500 டாலர் கைக்கு வராது, அடுத்த வருடத்துக்கும் போகாது. மின்கட்டணம் 200 ரூபாயாக இருக்கும்போது 300 ரூபாய்க் கூப்பன் கொடுத்தால் 100 ரூபாயைக் கையில் தரமாட்டார்கள், அதேபோலத்தான். 2024 ஜனவரி முதல் அந்தத் தொகையை டீலரிடமே மாற்றிக்கொடுத்து, கார் விலையில் அப்போதே குறைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கிய கார்களுக்கு அந்த வரவு கிடையாது. அதை நிறுத்திய அதே சட்டத்தில், அமெரிக்காவில் அசெம்பிள் செய்த புதுக் கார்களின் கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வேறொரு சலுகை வந்தது. இது கழிவு வகை. அதாவது, நம் ஊர் 80இஇபி-யின் சாயலில் இருப்பது இந்தப் புதிய சலுகைதான், பழைய 7,500 டாலர் இல்லை.

சரி, அமெரிக்காவை அங்கேயே விட்டுவிட்டு நம் சட்டத்துக்கு வருவோம். இங்கே சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2025-26 நிதியாண்டு வருமானம் வரை இந்தச் சட்டப்படிதான் கணக்கு.

80இஇபி என்னதான் சொல்கிறது?

2019 ஜூலை 5 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டில் வந்தது இந்தப் பிரிவு. சொல்வது இவ்வளவுதான்: மின்வண்டி வாங்கக் கடன் எடுத்த தனிநபர், அந்தக் கடனுக்கான வட்டியில் வருடத்துக்கு 1,50,000 ரூபாய் வரை தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு இடங்களில் ஆட்கள் இடறி விழுகிறார்கள். "கடன்" என்ற இடத்தில் விழுபவர்கள், சேமிப்பை எடுத்து முழுப் பணம் கட்டி வண்டி வாங்கியவர்கள். கடன் இல்லையென்றால் வட்டி இல்லை, வட்டி இல்லையென்றால் கழிவும் இல்லை. மாமனாரிடம் வாங்கிய கைமாற்றும் சேராது. வங்கி அல்லது சட்டம் ஏற்கும் நிதி நிறுவனம் கொடுத்த கடனாக இருக்கவேண்டும்.

"தனிநபர்" என்றால் ஆள் மட்டும்தான். கூட்டுக் குடும்பக் கணக்கிலோ கம்பெனி பெயரிலோ வாங்கினால் இந்தப் பிரிவில் வராது.

"மின்வண்டி" என்பதற்குச் சட்டம் கறாரான விளக்கம் வைத்திருக்கிறது. வண்டி முழுக்க முழுக்க மின்மோட்டாரால் மட்டுமே ஓடவேண்டும், மோட்டாருக்கான சக்தி வண்டியில் உள்ள பேட்டரியிலிருந்து மட்டுமே வரவேண்டும். அப்புறம், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் ஓட்ட வேகத்தை மின்சாரமாக மாற்றுகிற அமைப்பும் இருக்கவேண்டும். "மட்டுமே" என்ற சொல் இருப்பதால் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் கார்கள் வெளியே போய்விடுகின்றன. ஸ்கூட்டரோ காரோ, சட்டம் பேதம் பார்ப்பதில்லை.

நான்காவது இடம் "வட்டியில் 1,50,000 வரை". பெரிய குழி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒன்றரை லட்சம் என்பது உச்சவரம்பு

10 லட்ச ரூபாய் கார் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 20,758 ரூபாய் வரும். முதல் பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் கட்டுவது மொத்தம் சுமார் 2,49,100 ரூபாய். ஆனால் அதில் சுமார் 1,65,830 ரூபாய் அசலுக்குப் போகிறது. வட்டி 83,270 ரூபாய்தான். கழிவுக்கு வருவது இந்த 83,270 மட்டும். முழு இஎம்ஐ-யையும் எழுதக் கூடாது.

அசல் குறையக் குறைய வட்டியும் இளைக்கும். இரண்டாம் வருடம் சுமார் 67,700, மூன்றாம் வருடம் 50,700, நான்காம் வருடம் 32,100, ஐந்தாம் வருடம் 11,700. எந்த வருடத்திலும் ஒன்றரை லட்சத்தைத் தொடவே இல்லை, பாருங்கள். இதே வட்டியில், இதே காலத்துக்கு சுமார் 18 லட்சம் கடன் எடுத்தால்தான் முதல் வருட வட்டி ஒன்றரை லட்சத்தை எட்டும், அதுவும் அந்த ஒரு வருடம் மட்டும்.

சரி, 83,270 ரூபாய் கழிவு கிடைத்தால் மிச்சம் எவ்வளவு? கழிவுகள் தருகிற பழைய வரி முறையில் 20 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு, வரியின் மேல் விதிக்கும் 4 சதவீத செஸ் சேர்த்து 20.8 சதவீதம்: சுமார் 17,300 ரூபாய். 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு சுமார் 26,000 ரூபாய். கழிவுகள் போக வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருப்பவருக்குப் பூஜ்யம், ஏனென்றால் அவருடைய வரியைப் பிரிவு 87ஏ ஏற்கெனவே தள்ளுபடி செய்துவிட்டது. மின்கட்டணக் கதையில் வந்த பாட்டி வீடு இதுதான்.

எதிர்வீட்டுத் தம்பிக்கும் இதே கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவன் கடன் ஒரு லட்சம், 12 சதவீதம், மூன்று வருடம். மாதம் 3,321 ரூபாய் தவணை. முதல் பன்னிரண்டு மாத வட்டி 10,416 ரூபாய். தகுதி இருந்து, 20 சதவீத ஸ்லாபிலும் இருந்தால்கூட அவனுக்கு மிச்சமாகியிருப்பது 2,166 ரூபாய். நீலப் பேனா எழுத்தையும் என் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதுவரை: ஒன்றரை லட்சம் என்பது கழிக்கக்கூடிய வட்டியின் மேல் எல்லை. வட்டி அதற்குக் கீழே இருந்தால் உண்மையில் கட்டிய வட்டி மட்டும். அதிலும் கையில் மிஞ்சுவது உங்கள் ஸ்லாப் சதவீதம் மட்டும்.

2023 மார்ச் 31: கதவு மூடிய நாள்

அவனிடம் இன்னொன்றும் சொல்லவேண்டியிருந்தது. 80இஇபி-யில் வருவதற்கு, கடன் 2019 ஏப்ரல் 1-க்கும் 2023 மார்ச் 31-க்கும் இடையில் ஒப்புதல் ஆகியிருக்கவேண்டும். அவன் கடன் 2024 அக்டோபரில் வந்தது. கதவு மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மூடிய கதவைத் திறந்திருப்பதாகக் காட்டி இன்றும் வண்டி விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம். வாங்குபவர் அதை நம்பி மாதத் தவணையைக் கணக்குப் போடுகிறார். நடுத்தரக் குடும்பத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் இடறினாலும் எங்கோ ஒரு பள்ளிக் கட்டணம் தள்ளிப்போகும்.

இதில் நன்மையான பக்கமும் ஒன்று உண்டு, அதையும் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். சட்டம் பார்ப்பது கடன் ஒப்புதல் ஆன தேதியை. வண்டி டெலிவரி ஆன தேதியோ, ஆர்சி புக்கில் உள்ள தேதியோ இங்கே முக்கியமில்லை. அந்த இடைவெளிக்குள் ஒப்புதலான கடன் என்றால், அது தீரும் வரை ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கழிக்கலாம். 2023 மார்ச் 31-ல் மூடியது புதிதாக வருபவர்களுக்கான கதவு. உள்ளே வந்தவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

பழைய முறையா, புதிய முறையா?

இப்போது வருமான வரிக்கு இரண்டு முறைகள். பழைய முறையில் ஸ்லாப் விகிதம் அதிகம், ஆனால் 80சி (பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகள்), வீட்டு வாடகை, 80இஇபி என்று கழிவுகள் உண்டு. புதிய முறையில் விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் இல்லை. 80இஇபி புதிய முறையில் கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் கணக்கு.

மின்வண்டிக் கழிவு இருக்கிறதே என்பதற்காகப் பழைய முறையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன ஆகும்? 12 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவர், 2022 மார்ச்சில் ஒப்புதலாகி ஏப்ரலில் தவணை தொடங்கிய மேற்படி 10 லட்சம் கடனை வைத்திருக்கிறார். 2025-26-ல் அவர் நான்காம் வருடத்தில் இருக்கிறார், வட்டி சுமார் 32,100.

பழைய முறையில் 50,000 நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பது), 80சி-யில் முழு ஒன்றரை லட்சம், மின்வண்டி வட்டி 32,100 எல்லாம் போக வரிக்குரிய வருமானம் சுமார் 9.68 லட்சம். வரி, செஸ் சேர்த்து ஏறக்குறைய 1,10,300 ரூபாய். புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக 11.25 லட்சம். 12 லட்சம் வரை வரி முழுவதும் தள்ளுபடி ஆவதால் கட்டவேண்டியது பூஜ்யம்.

மின்வண்டிக் கழிவால் அவருக்குப் பழைய முறையில் கிடைக்கிற மிச்சம் சுமார் 6,700 ரூபாய். அதைப் பிடிக்கப் போனால் 1,10,300 ரூபாய் வரி கட்டவேண்டும்.

பழைய முறை ஜெயிக்கிற ஆட்களும் உண்டு. 15 லட்சம் சம்பளத்தில், நிலைக்கழிவு உட்பட மொத்தக் கழிவுகள் கிட்டத்தட்ட 6 லட்சத்தை எட்டினால்தான் பழைய முறை லாபம். வீட்டுக் கடன் வட்டி, பெருநகர வாடகை, 80சி, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்பவருக்கு, மின்வண்டி வட்டி கடைசி உந்துதலாக இருக்கலாம். வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே இரண்டையும் ஒப்பிடும் கணிப்பான் இருக்கிறது, பத்து நிமிட வேலை. சம்பளக்காரர்கள் வருடா வருடம் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கலாம். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாகவேண்டும்.

கேட்காமலே கிடைப்பவை

மின்வண்டி வாங்கியவருக்குச் சலுகையே இல்லை என்று ஆகிவிடாது. சில சலுகைகள் ரசீதிலேயே கழிந்து வந்துவிடுகின்றன. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, இதை எல்லாரும் அனுபவிக்கிறார்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் சாலை வரியில் விலக்கு அறிவித்திருக்கின்றன. அது பதிவின்போதே கணக்காகிவிடும்.

மானியம் என்பது அரசு தன் பணத்திலிருந்து விலையின் ஒரு பகுதியைக் கொடுப்பது. 2024 அக்டோபர் 1-ல் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் இருசக்கர வண்டிகளுக்கு, பேட்டரியின் ஒரு கிலோவாட்-மணிக்கு 5,000 ரூபாய் என்று முதலில் கொடுத்து, பிறகு 2,500 ஆக்கினார்கள். தம்பியின் ரசீதில் அந்த மானியத்தைக் கழித்துக் காட்டியிருந்தார்கள். அதாவது அவனுக்குச் சேரவேண்டியது வாங்கிய அன்றே சேர்ந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கார்களுக்கு இந்தத் திட்டத்தில் மானியம் இல்லை. அதற்கு முந்தைய ஃபேம் என்ற மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் இல்லை.

இவை எதையும் ரிட்டர்னில் தேடக் கூடாது. அங்கே இதற்குக் கட்டமே இல்லை.

தகுதி இருப்பவர்கள் செய்யவேண்டியது

முதலில் கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால், அந்த நிதியாண்டுக்கான வட்டிச் சான்றிதழை வங்கியில் கேளுங்கள். அதில் அசல் தனியாக, வட்டி தனியாக இருக்கும், வட்டி நெடுவரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் தொகையை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். இப்போது கடன் கொடுத்தவர், கடன் கணக்கு எண், ஒப்புதல் தேதி, வண்டியின் பதிவு எண் என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். 2024-ல் வாங்கிய கடனை யாராவது "போட்டுவிடலாம் சார்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். தேதியே காட்டிக்கொடுத்துவிடும், நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்குத்தான்.

விட்டுப்போன வருடங்களைப் பின்னால் பிடிப்பது கடினம். சில வருடங்கள் கழித்தும் போடலாம் என்று சொல்லப்படும் 'அப்டேட்டட் ரிட்டர்ன்', வரியைக் குறைத்துக்கொள்ள உதவாது. கூடுதல் வரி கட்டவேண்டியவருக்கு மட்டுமே அது.

அதே ஜூலையில் என் அத்தை மகளும் வந்தாள். சென்னையில் வாடகை வீடு, ஊரில் கட்டிய வீட்டுக்குக் கடன், அதனால் அவளுக்குப் பழைய முறைதான் லாபம். மின்கார் 2023 ஜூனில் டெலிவரி ஆனது. மார்ச்சோடு முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் 80இஇபி பக்கமே போகவில்லை. "காகிதத்தைக் கொண்டா, பார்ப்போம்" என்றேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒப்புதல் கடிதம் இருந்தது: 2023 மார்ச் 27. முதல் வருடக் கழிவு போனது போனதுதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாம் வருட வட்டியை அன்றைக்கே ரிட்டர்னில் ஏற்றினோம். இந்த ஏப்ரலில் வட்டிச் சான்றிதழை வாங்கி எனக்கு அனுப்பிவிட்டுத்தான் போன் செய்தாள்.